நகராட்சி பேருந்து நிலையம் தனியார் பங்களிப்பில்: தீர்மானத்துக்கு முன்னாடி எதைப் பார்க்கணும்?

நாலாவது வார்டு கேட்டது:

வணக்கம். மதுரைக்கு மேற்கே ஒரு நகராட்சி. பழைய பேருந்து நிலையத்தை இடித்துவிட்டு, கீழே பேருந்து நிறுத்தம், கடைகள், வண்டி ஸ்டாண்டு, மாடியில் லாட்ஜ் என்று சேர்த்துக் கட்டப்போவதாகப் பேச்சு. பணம் போடுவது தனியார், 30 வருஷம் நடத்திவிட்டு நகராட்சியிடம் ஒப்படைத்துவிடுவார்களாம். நகர்மன்றக் கூட்டப் பொருளில் வந்திருப்பது ஒன்றரைப் பக்கக் குறிப்பு மட்டும்தான். திட்ட மதிப்பு ரூ.30 கோடி, "நகராட்சிக்குச் செலவு ஏதுமில்லை", "நிலையான வருவாய்" என்று எழுதியிருக்கிறது. கன்சல்டன்ட் அறிக்கையைக் கண்ணில் காட்டவில்லை.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். முறையாக எந்த வரிசையில் இது நடக்கணும்? மொத்தமாக முன்பணம் வாங்குவது நல்லதா, வருஷா வருஷம் வாங்குவது நல்லதா? கையெழுத்தான பிறகு நகராட்சி கையில் என்ன பிடி இருக்கும்? திருமங்கலம் பக்கத்துக் கப்பலூர் சுங்கச்சாவடி மாதிரி, ஊர்க்காரன் கேட்டால் "ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கு" என்று கையை விரிக்கிற நிலைமை நமக்கு வந்துவிடக் கூடாது.

---

சிம்மக்கல் கணக்கு பதில்:

"செலவு ஏதுமில்லை" என்ற வரியை முதல்ல அடிச்சிடுங்க. இன்னைக்கு அந்த இடத்துல கடை வாடகை, வண்டி ஸ்டாண்டு ஏலம், கட்டணக் கழிப்பறை ஏலம், பேருந்து நுழைவுக் கட்டணம்னு நாலு வழியில பணம் வருது. வேலை ஆரம்பிச்ச நாள்ல இருந்து அது நிக்கும். கட்டி முடிக்க ரெண்டு வருஷம்னா ரெண்டு வருஷ வருமானம் போச்சு. அந்த ரெண்டு வருஷமும் பஸ் எங்க நிக்கும்? தற்காலிக நிலையத்துக்கு இடம், தார், தகரக் கொட்டகை, கழிப்பறை, விளக்கு எல்லாம் யார் கணக்கு? குறிப்புல எழுதாம விட்டிருந்தா அது நகராட்சி தலையிலதான் விடியும். கடந்த அஞ்சு வருஷ வசூல் கணக்கை இனம் வாரியாக் கேட்டு வாங்குங்க. தனியார் தரப்போறேன்னு சொல்ற தொகை அதைவிட எவ்வளவு கூடங்கிறதுதான் உங்களுக்கு உண்மையான லாபம்.

முன்பணமா, ஆண்டுத் தொகையாங்கிறதை வாய்ப்பேச்சுல தீர்க்க முடியாது, கணக்குப் போட்டுப் பார்க்கணும். உதாரணத்துக்கு ரெண்டு பேர் வர்றாங்கன்னு வைங்க. ஒருத்தர் முதல் வருஷம் ரூ.1.5 கோடி, அப்புறம் வருஷத்துக்கு 5% கூட்டி 30 வருஷம் தர்றேங்கிறார். இன்னொருத்தர் இன்னைக்கே ரூ.10 கோடி, அப்புறம் வருஷம் ரூ.50 லட்சம், ஏற்றம் கிடையாதுங்கிறார். கூட்டத்துல பத்து கோடிக்குத்தான் கை தட்டுவாங்க. 10% கழிவு விகிதம் (பின்னாடி வர்ற பணத்தோட மதிப்பை வருஷத்துக்கு இவ்வளவுன்னு குறைக்கிற விகிதம்) போட்டு இன்றைய மதிப்புக்குக் கொண்டு வந்தா முதல் ஆள் தர்றது சுமார் ரூ.22.6 கோடி, ரெண்டாவது ஆள் தர்றது ரூ.14.7 கோடி. அதே கணக்கை 14% போட்டுப் பாருங்க, ரூ.15.3 கோடிக்கு ரூ.13.5 கோடின்னு வித்தியாசம் சுருங்கிடும். கழிவு விகிதத்தை யார் முடிவு செஞ்சாங்க, டெண்டருக்கு முன்னாடியே எழுதி வெச்சாங்களாங்கிறது அதனாலதான் முக்கியம். விலைப்புள்ளியைத் திறந்த பிறகு விகிதத்தைத் தேர்ந்தெடுத்தா வேணும்கிற ஆளை ஜெயிக்க வைக்கலாம்.

இந்த வம்பே வேண்டாம்னா ஒரே ஒரு எண்ணை மட்டும் கேட்கிற மாதிரி டெண்டர் போடுங்க. கட்டடத்தோட அளவு, காலம், ஆண்டு ஏற்றம், கட்டுமானக் காலச் சலுகை எல்லாத்தையும் நகராட்சியே நிர்ணயம் செஞ்சிட்டு, முதல் ஆண்டுத் தொகை எவ்வளவுன்னு மட்டும் கேட்கணும். யார் கூடச் சொல்றாங்களோ அவங்களுக்கு. ஜிஎஸ்டி சேர்த்தா, தனியாவாங்கிறதையும் அதே வரியில எழுதிடணும்.

ஒண்ணு கவனிங்க. முதல் ஆள் சொன்ன கணக்குல முப்பதாவது வருஷம் அவர் கட்ட வேண்டியது ரூ.6.17 கோடி. கடை வாடகை அந்த அளவுக்கு ஏறுமா? ஏறாட்டி பத்துப் பன்னிரண்டு வருஷத்துல நின்னுடுவார். அதிகத் தொகை சொன்னவரே நல்ல ஆள்னு நம்ம ஊர்ல ஒரு நினைப்பு இருக்கு. காய்கறி மார்க்கெட் ஏலத்துக்கு அது சரி, அடுத்த வருஷம் வேற ஆளுக்கு விட்டுக்கலாம். 30 வருஷ ஒப்பந்தத்துக்கு ஒத்துவராது.

இதை பிபிபி-யில (அரசு–தனியார் கூட்டு முறையில) செய்யத்தான் வேணுமாங்கிற கேள்வியும் இருக்கு. பிபிபி முறையை ஆராய மத்திய அரசு அமைச்ச விஜய் கேல்கர் குழு 2015-ல கொடுத்த அறிக்கையிலேயே மிகச் சின்னத் திட்டங்களுக்கு இந்த முறை வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. வரைவு ஒப்பந்தம், கன்சல்டன்ட், வக்கீல், கண்காணிப்புப் பொறியாளர்னு ஆகுற செலவு திட்டம் சின்னதுன்னு குறையாது. ரூ.300 கோடிக்கு அது தூசு, ரூ.30 கோடிக்குப் பெரிய துண்டு. கடன் வாங்கிக் கட்டிட்டு, நடத்துற வேலையை மட்டும் அஞ்சஞ்சு வருஷத்துக்கு வெளியில விடுறது மாற்று வழி. மதுரைக்கு அது புதுசு இல்ல. உத்தங்குடியில இருந்து கப்பலூர் வரைக்கும் சுமார் 27 கிலோமீட்டர் ரிங் ரோட்டை மாநகராட்சி கடன்லதான் போட்டுச்சு. அந்தக் கடனை மாத்திக்கட்ட 2001-ல ரூ.30 கோடிக்குக் கடன்பத்திரம் விட்டாங்க. அந்த ரோட்டுல சுங்க வசூல் கூடினாலும் குறைஞ்சாலும் மாநகராட்சி பாடு. தைரியம் வேணும்தான், ஆனா முப்பது வருஷத்துக்கு யார்கிட்டயும் கை கட்டி நிக்க வேண்டியதில்ல.

---

தெப்பக்குளம் மேற்கு பதில்:

வரிசையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றுக்கும் முந்தியது நிலம். அந்தப் பேருந்து நிலையத்தின் சர்வே எண்ணுக்கு அ-பதிவேடு (நிலத்தின் வகையைக் காட்டும் வருவாய்த் துறைப் பதிவேடு) நகலும் புல வரைபடமும் வாங்கிப் பாருங்கள். மதுரை வட்டாரத்தில் அரசுக் கட்டடங்கள் பல பழைய கண்மாய், ஊருணிகளில் நிற்பவை. இப்போது பேருந்து நிலையமாக இருந்தாலும் பதிவேட்டில் "குளம்" என்றோ "கண்மாய் புறம்போக்கு" என்றோ இருந்தால், புதிய கட்டுமானத்துக்கு எதிராக உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஒரு பொதுநல மனு போதும். நிலம் நகராட்சி பெயரில் உள்ளதா, வருவாய்த் துறையிடமிருந்து அனுபவ உரிமையில் மட்டும் உள்ளதா என்பதையும் பாருங்கள். சொந்தமில்லாத நிலத்தை 30 ஆண்டு உரிமமாக இன்னொருவருக்கு எப்படிக் கொடுப்பீர்கள்?

அடுத்து, உள்ளே இருப்பவர்கள். இப்போதைய கடைக்காரர்களின் குத்தகை எந்த ஆண்டு முடிகிறது, எத்தனை பேர் மீது வழக்கு நிலுவையில் உள்ளது என்ற பட்டியல் வேண்டும். வாசலில் பூ, பழம், இளநீர் விற்பவர்கள் தெருவோர வியாபாரிகள் சட்டத்தின் (2014) பாதுகாப்பில் வருகிறவர்கள். கணக்கெடுத்து, மாற்றிடம் காட்டாமல் அகற்றினால் அதுவும் வழக்குதான். மின்மாற்றி, குடிநீர் மெயின் குழாய், பாதாள சாக்கடை மேன்ஹோல் எங்கே ஓடுகின்றன என்ற வரைபடமும் டெண்டருக்கு முன்பே தேவை. வெளியே புதிதாகத் தனியார் நிலம் எடுப்பதானால் 2013-ம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டப்படி, அரசு–தனியார் கூட்டுத் திட்டத்துக்குப் பாதிக்கப்படும் குடும்பங்களில் 70% பேரின் சம்மதம் தேவை. இருக்கிற இடத்துக்குள்ளேயே முடித்துக்கொள்வது உத்தமம்.

இதில் இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்றால், தாமதத்தின் விலை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கும். தேசிய நெடுஞ்சாலைகளில் ஹாம் (கட்டும் செலவில் ஒரு பங்கை அரசு தருவது), பிஓடி (தனியார் கட்டி, நடத்தி, ஒப்படைப்பது) வேலைகளுக்கு 80% நிலம் கையில் இல்லாமல் "நியமன தேதி" அறிவிக்க மாட்டார்கள். நியமன தேதி என்பது கடிகாரம் ஓடத் தொடங்கும் நாள். நிலத்தைத் தராமல் கடிகாரத்தை ஓடவிட்டால், கால நீட்டிப்போடு இழப்பீடும் நம்மிடம் கேட்பார்கள்.

நிலம் தெளிவானபின் வரிசை இது. முதலில் சாத்தியக்கூறு அறிக்கை. அதில் வருவாய்க் கணிப்பு எந்த ஊரின் எந்தக் கடை வாடகையை வைத்துப் போடப்பட்டது என்று பார்க்க வேண்டும்; மதுரை டவுன்ஹால் ரோடு வாடகையை உங்கள் ஊருக்குப் போட்டிருந்தால் அறிக்கையை அங்கேயே மூடிவிடலாம். பிறகு இடர்ப் பட்டியல்: நிலம், அனுமதி, கட்டுமானச் செலவு, வாடகை, வட்டி, சட்ட மாற்றம் ஒவ்வொன்றும் யார் பொறுப்பு என்று ஒரு அட்டவணை. அந்த அட்டவணையிலிருந்துதான் வரைவு ஒப்பந்தம் எழுதப்பட வேண்டும். வேறு ஊர் ஒப்பந்தத்தைப் பெயர் மட்டும் மாற்றிக் கொண்டு வந்தால் உடனே தெரிந்துவிடும், பேருந்து நிலைய ஒப்பந்தத்தில் "சுங்கச்சாவடி" என்ற சொல் எங்காவது எட்டிப் பார்க்கும்.

அதன்பின் தகுதி அறிவிப்பு, டெண்டர், டெண்டருக்கு முந்தைய கூட்டம், எழுத்தில் கேள்வி-பதில், தொழில்நுட்ப உறை, விலை உறை, ஏற்புக் கடிதம். வென்றவர் இந்தத் திட்டத்துக்கென்றே தனி நிறுவனம் தொடங்கி, அதன் பெயரில் கையெழுத்திடுவார். மத்திய அரசின் மாதிரி நெடுஞ்சாலை ஒப்பந்தத்தில் திட்ட மதிப்பில் 5% வங்கி உத்தரவாதம், 180 நாளில் வங்கிக் கடன் உறுதி. இவை முடிந்தபிறகே நியமன தேதி.

எந்தச் சட்டத்தின்கீழ் டெண்டர் என்பதைக் கூட்டப் பொருளில் எழுதச் சொல்லுங்கள். 1998-ம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் ஒன்று, 2012-ம் ஆண்டு தமிழ்நாடு உட்கட்டமைப்பு மேம்பாட்டுச் சட்டம் இன்னொன்று. இரண்டையும் பாதிப் பாதி கலந்து நடத்தினால் தோற்றவர் நீதிமன்றத்தில் எளிதாக நிறுத்திவிடுவார்.

---

வடகரை பதில்:

மேலே ரெண்டு பேரும் சொன்னது சரி. கடன் வாங்கிக் கட்டலாம்ங்கிறதுல மட்டும் எனக்கு உடன்பாடு இல்ல. வாடகை வசூலிக்க முடியாத நகராட்சி கடன் தவணையை மட்டும் எப்படிக் கட்டும்? தனியார் வரட்டும், ஆனா அவர் விழுந்தா நம்ம மேல விழாத மாதிரி எழுதணும்.

"கூட்டம் வரலேன்னா யார் பாடு"ங்கிறதுதான் இந்த மாதிரித் திட்டத்தோட உயிர்நாடி. தமிழ்நாட்டுலயே ரெண்டு உதாரணம் இருக்கு. மீஞ்சூர்ல ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்குற ஆலை, 2010-ல ஓடத் தொடங்குச்சு. தண்ணியை 25 வருஷம் வாங்கிக்கிறதா சென்னைக் குடிநீர் வாரியம் ஒப்புக்கிட்டதால, வாங்க ஆள் இல்லாமப் போற பயம் கம்பெனிக்கு இல்ல. திருப்பூர் வேற மாதிரி. பவானி ஆத்துல இருந்து நாளைக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டு வர்ற திட்டம். சாயப்பட்டறைகளுக்கு நல்ல விலைக்கு வித்து, அதுல ஊருக்குக் குறைஞ்ச விலையில குடிநீர் கொடுக்கிற கணக்கு. 2011-ல உயர் நீதிமன்ற உத்தரவால சாயப்பட்டறைகளை மூடினாங்க. தண்ணி வாங்க ஆள் இல்ல, கடனைத் திரும்பச் சீரமைக்க வேண்டியதாச்சு. குழாய் பழுதாகல, பம்பு பழுதாகல. ஒரே வகை வாடிக்கையாளரை நம்புனதுதான் வினை.

உங்க ஊருக்கு இதைப் பொருத்திப் பாருங்க. கடை வாடகை பஸ் கூட்டத்தை நம்பி இருக்கு. நாளைக்கே புறவழிச்சாலை ஓரத்துல இன்னொரு பஸ் ஸ்டாண்டு வந்தா? "போட்டி வசதி" பிரிவுன்னு ஒண்ணு வரைவுல இருக்கும், இத்தனை கிலோமீட்டருக்குள்ள நகராட்சி வேற பேருந்து நிலையமோ வணிக வளாகமோ கட்டினா இழப்பீடுன்னு. அதுல கையெழுத்துப் போட்டா ஊரோட அடுத்த முப்பது வருஷ வளர்ச்சிக்கு நீங்களே பூட்டுப் போட்ட மாதிரி. தூரத்தையும் காலத்தையும் குறைங்க, முடிஞ்சா வணிக வளாகங்கிற சொல்லையே எடுத்துடுங்க.

அடுத்தது யாரும் படிக்காத பக்கம்: ஒப்பந்த முறிவுத் தொகை. மாதிரி நெடுஞ்சாலை ஒப்பந்தத்துல, சாலை ஓடத் தொடங்குனப்புறம் நிறுவனத்தோட தப்பாலேயே முறிஞ்சாலும், காப்பீட்டுத் தொகையைக் கழிச்சது போக நிலுவைக் கடன்ல 90% அரசு கொடுக்கணும். அரசோட தப்புன்னா முழுக் கடனும், சரிக்கட்டிய (விலைவாசி, காலத்துக்குத் தக்கன திருத்திய) பங்கு முதலீட்டுல 150%-ம். ஏன் இப்படின்னா, அரசு நிலத்தை வங்கி அடமானம் எடுக்க முடியாது. இந்த உறுதி இல்லேன்னா வங்கி கடனே தராது. அதனால இந்தப் பிரிவை எடுக்கச் சொல்லாதீங்க, அளவைக் கட்டுப்படுத்துங்க. ரூ.30 கோடில ரூ.21 கோடி கடன்னு வைங்க. ஆறாவது வருஷம் ரூ.17 கோடி பாக்கி இருக்கும்போது அவர் கைவிட்டா, நகராட்சி ரூ.15.3 கோடி புரட்டணும். "செலவு ஏதுமில்லை"ன்னு எழுதினவங்க இதை எழுதினாங்களா?

இதுல ஒரு ஓட்டை. கட்ட ஆனது ரூ.30 கோடி, வங்கிக்குக் காட்டினது ரூ.42 கோடின்னா நிலுவைக் கடனும் அதுக்குத் தக்கன ஊதிடும். "மொத்தத் திட்ட மதிப்பு"ங்கிற சொல்லுக்கு விளக்கம் எழுதும்போது, டெண்டர்ல நகராட்சி சொன்ன தொகை, வங்கி ஆவணத்துல உள்ள தொகை, ரெண்டுல எது குறைவோ அதுன்னு எண்ணால எழுதிடணும். அந்த வரம்புக்கு மேல வாங்குன கடன் நமக்குக் கடனே இல்ல.

இன்னொரு ஓட்டை நம்ம ஊர்ப் பழக்கத்துல இருந்து வர்றது. கடைகளை உள்குத்தகைக்கு விடும்போது மாச வாடகையைக் குறைச்சு, பெரிய பகடித் தொகையை (திரும்பத் தராத முன்பணம்) முதல்லயே வாங்கிடுவாங்க. அஞ்சே வருஷத்துல போட்ட காசு வந்துடும், அப்புறம் ஆள் இருக்க மாட்டார். கடைக்காரங்க மட்டும் "முப்பது வருஷத்துக்குப் பணம் கட்டியாச்சு"ன்னு ரசீதோட நகராட்சி வாசல்ல நிப்பாங்க. உள்குத்தகை மாதிரிப் படிவம் நகராட்சி ஒப்புதலோடதான் இருக்கணும், வைப்புத்தொகை ஆறு மாச வாடகைக்கு மேல கூடாது, எந்த உள்குத்தகையும் மூல ஒப்பந்தம் முடியுற தேதியைத் தாண்டக் கூடாது, எல்லா வசூலும் எஸ்க்ரோ கணக்குலதான் (எழுதி வெச்ச வரிசையில மட்டும் வங்கி பணத்தை வெளிய விடுற கணக்கு) விழணும். எஸ்க்ரோல இருந்து பணம் வெளிய போற வரிசையையும் பாருங்க. வரி, பராமரிப்பு, நகராட்சித் தொகை, அப்புறம் வங்கித் தவணை, கடைசியா அவரோட லாபம். நகராட்சி தொகை வங்கிக்குப் பின்னாடி போயிருந்தா கேள்வி கேளுங்க.

---

எடைமேடை பதில்:

கையெழுத்துக்குப் பிறகு என்ன பிடி என்ற கேள்விக்கு நான் சொல்கிறேன். அளக்கக்கூடிய தரமும், அளக்கிற ஆளும், அளந்ததைப் பணத்தோடு கட்டுகிற சூத்திரமும் இருந்தால்தான் பிடி. "நல்ல முறையில் பராமரிக்க வேண்டும்" என்ற வரி கோர்ட்டில் ஒரு பைசா பெறாது.

நெடுஞ்சாலை மாதிரி ஒப்பந்தத்தில் பராமரிப்பு அட்டவணை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஒரு கிலோமீட்டர் நீளத்தில் மேடுபள்ளங்களின் மொத்தக் கூட்டு அளவு 2,750 மில்லிமீட்டரைத் தாண்டினால் 180 நாளில் சரிசெய்ய வேண்டும். குழி விழுந்தால் 48 மணி நேரம். ஒரு கிலோமீட்டரில் பரப்பில் 5%-க்கு மேல் விரிசல் என்றால் 30 நாள். 10 மில்லிமீட்டருக்கு மேல் சக்கரத்தடம் பதிந்தால் 30 நாள். தவறினால் ஒவ்வொரு நாளுக்கும், சராசரி நாள் வசூலில் 0.5% அல்லது பழுதுபார்க்கும் செலவில் 0.1%, எது அதிகமோ அது. வாதாடுவதற்கு ஒன்றுமில்லை, கருவியை வைத்து அளந்தால் முடிந்தது.

பேருந்து நிலையத்துக்கும் இதே போல ஒரு அட்டவணை போடுங்கள். கழிப்பறை எத்தனை மணிக்கு ஒருமுறை கழுவப்பட வேண்டும், தண்ணீர் நின்றால் எத்தனை மணி நேரத்தில் வர வேண்டும், நூறு விளக்கில் எத்தனை எரியாமல் இருக்கலாம், பேருந்து நிற்கும் தளத்தில் கான்கிரீட் உடைந்தால் எத்தனை நாள், பயணிகள் நடைபாதையில் கடைச் சரக்கு நீண்டால் என்ன அபராதம், இலவசக் கழிப்பறை எத்தனை இருக்கை. கடைசியை மறக்காதீர்கள், கட்டணக் கழிப்பறையில் வருமானம் வருவதால் இலவசக் கழிப்பறைதான் முதலில் பூட்டப்படும்.

அளக்கிற ஆள் என்றால் எவரையும் சாராத தனிப் பொறியாளர். சம்பளம் இரு தரப்பும் பாதிப் பாதி. ஆனால் காசோலை நகராட்சி கையால்தான் போக வேண்டும், நிறுவனத்தின் பங்கை அவர்களிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம். நிறுவனமே நேரடியாகச் சம்பளம் கொடுத்தால் அறிக்கை யார் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை.

குப்பை ஒப்பந்தங்களில் இது இன்னும் கண்கூடு. டன்னுக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கிற எந்த ஊரிலும் முழு ஒப்பந்தமும் எடைமேடையில்தான் நிற்கிறது. வண்டி ஒவ்வொரு நடைக்கும் நிறை எடையும் காலி எடையும் போட வேண்டும். காலி எடையை ஒரு முறை போட்டு மாதம் முழுக்க அதையே பயன்படுத்தினால், உள்ளே மண்மூட்டை போட்டதும் தெரியாது, டீசல் டேங்க் நிறைந்ததும் தெரியாது. மழைநாளில் நனைந்த குப்பை கூடுதல் எடை காட்டும், அதற்கு எடைக் குறைப்பு இருக்கிறதா? கட்டட இடிபாடு கலந்தால் நிராகரிக்கிற உரிமை யாருக்கு? எடையளவுத் துறை முத்திரை தேதி தாண்டியிருந்தால் அந்த நாட்களின் பில்லுக்கு என்ன கதி? இவ்வளவையும் ஒப்பந்தத்தில் எழுதலாம். எழுதாமல் விட்டுவிட்டுப் பிறகு அதிகாரியைத் திட்டிப் பயனில்லை.

அலுவலகப் பக்கம் மூன்று இடத்தில் வழுக்கும். முதலாவது, "15 நாளில் பதில் இல்லையென்றால் ஒப்புதல் தந்ததாகக் கருதப்படும்" என்ற பிரிவு. ஆணையர் மாறுவார், பொறியாளர் மாறுவார், கடிதம் தபால் பிரிவில் கிடக்கும், வடிவமைப்பு மாற்றத்துக்கு ஒப்புதல் தானாகவே ஆகிவிடும். அந்தப் பிரிவை எடுத்துவிடுங்கள், முடியாவிட்டால் நாட்களைக் கூட்டுங்கள். இரண்டாவது, வங்கி உத்தரவாதம். காலாவதி தேதிக்கு ஒரு மாதம் முன்பே புதுப்பிக்கச் சொல்லி எழுத வேண்டும், புதுப்பிக்காவிட்டால் காலாவதிக்குள் பணமாக்கக் கோர வேண்டும். ஒரு நாள் தவறினாலும் வெறும் காகிதம்தான். நிறுவனம் கொண்டு வந்து தரும் தாளை நம்பாமல், வங்கியிலிருந்து எஸ்எஃப்எம்எஸ் (வங்கிகளுக்கிடையேயான செய்தி முறை) வழியாக நேரடி உறுதிச் செய்தி வாங்குங்கள். மூன்றாவது, காப்பீடு. தீ, வெள்ளம், பொறுப்புக் காப்பீடு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறதா என்று பார்க்க ஒருவரும் இருக்க மாட்டார். இந்த மூன்றுக்கும் ஒரே பதிவேடு, ஒரே பொறுப்பு அலுவலர், மாதம் ஒருமுறை ஆணையர் கையெழுத்து.

கடைசி மூன்று ஆண்டுகளும் அப்படித்தான். திருப்பித் தரப்போகிற கட்டடத்துக்கு எவரும் சுண்ணாம்புகூட அடிக்க மாட்டார்கள். ஒப்படைப்புக்கு முந்தைய கூட்டு ஆய்வு, பழுதுப் பட்டியல், அதுவரை வசூலில் ஒரு பகுதியை நிறுத்திவைக்கும் உரிமை மூன்றும் வேண்டும்.

---

நாலாவது வார்டு:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு விஷயம். இந்த யோசனை நகராட்சியிலிருந்து வந்ததல்ல, ஒரு நிறுவனமே வரைபடத்தோடு வந்து கொடுத்ததாம். "அவர்களே திட்டம் போட்டதால் அவர்களுக்கு முன்னுரிமை" என்கிறார்கள், அது செல்லுமா? இன்னொன்று, சுங்கச்சாவடியில் ஊர்க்காரர்களுக்கு இலவசம் கேட்டால் ஏன் நடக்கமாட்டேன் என்கிறது?

---

தெப்பக்குளம் மேற்கு:

அதற்கு ஸ்விஸ் சேலஞ்ச் என்று பெயர். முதலில் கொண்டு வந்தவரின் முன்மொழிவை வெளியிட்டு, மற்றவர்களைப் போட்டிக்கு அழைத்து, அதைவிட நல்ல தொகை வந்தால் அவருக்கு ஈடுகட்ட ஒரு வாய்ப்புத் தருவது. 2009-ல் உச்ச நீதிமன்றம் இந்த முறை செல்லும் என்றது. எந்த வகைத் திட்டங்களுக்கு, எந்த விதிகளின்படி என்று முன்பே அறிவித்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. கேல்கர் குழு இதை ஊக்குவிக்கவே வேண்டாம் என்றது. காரணம் எளிது. ஆய்வறிக்கை ஒருவர் கையில், மற்றவர்களுக்கு முப்பதோ நாற்பதோ நாள் அவகாசம், ஜெயித்தாலும் முதல் ஆள் ஈடுகட்டிவிடுவார் என்றால் எவர் மெனக்கெட்டு வருவார்? உங்கள் திட்டத்தில் புதுமைத் தொழில்நுட்பம் ஒன்றுமில்லை. பேருந்து நிலையம், கடை, லாட்ஜ். திறந்த டெண்டரே போதும். வரைபடச் செலவு கேட்டால் மதிப்பிட்டுக் கொடுத்து முடித்துக்கொள்ளலாம்.

---

வடகரை:

சுங்கச்சாவடி விஷயத்துல, வசூல் பண்றவர் எந்த வகைங்கிறதை முதல்ல பாருங்க. சாலை போட்டு அதே வசூல்ல காசை எடுக்குற பிஓடி நிறுவனம் இருக்கும். மொத்தத் தொகையை முன்னாடியே கட்டி உரிமை வாங்குன டிஓடி நிறுவனம் இருக்கும். குறுகிய கால ஒப்பந்தத்துல வெறும் வசூல் ஏஜென்சியும் இருக்கும். முதல் ரெண்டுலயும் இலவசம்னு அறிவிச்சா அந்தப் பணத்தை அரசு ஈடுகட்டணும். அதனாலதான் அமைச்சர் வாயால சொன்னாலும் கேட் திறக்காது.

விதி பக்கம் 2008-ம் வருஷத் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள் இருக்கு. ஒரே திசையில ரெண்டு சாவடிக்கு நடுவுல 60 கிலோமீட்டர், நகராட்சி எல்லையில இருந்து 10 கிலோமீட்டர் தள்ளி. காரணம் எழுதி வெச்சு 5 கிலோமீட்டர் வரைக்கும் நெருங்கலாம். கப்பலூர் சாவடி திருமங்கலத்துக்கு இவ்வளவு கிட்ட இருக்குங்கிறதுதான் அங்க பல வருஷமா நடக்குற சண்டை. 20 கிலோமீட்டருக்குள்ள குடியிருக்கிறவங்களோட வணிகமில்லாத வண்டிக்கு மாத பாஸ் உண்டு, 2007–08 விலையில ரூ.150, வருஷா வருஷம் ஏறும். சாவடியை எங்க வைக்கிறதுன்னு முடிவாகிறதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி அது. நட்டு வெச்சப்புறம் பிடுங்குறது பெரும்பாடு. உங்க பஸ் ஸ்டாண்டுலயும் இதே கதைதான்: ஊர்க்காரங்க டூவீலர் நிறுத்தக் கட்டணம், ஆட்டோ ஸ்டாண்டு இடம், பள்ளிப் பிள்ளைகள் நிக்கிற நிழல், தண்ணி எல்லாத்தையும் டெண்டருக்கு முன்னாடி அட்டவணையில போட்டுடுங்க. டெண்டர்லயே இருந்தா அதுக்குத் தக்கன விலை சொல்வாங்க. பின்னாடி கேட்டா சட்ட மாற்றம்னு இழப்பீட்டுக் கடிதம் வரும்.

---

சிம்மக்கல் கணக்கு:

கூட்டத்துக்கு நாள் குறைவா இருந்தா எதிர்த்து ஓட்டுப் போட்டுட்டு வர்றதோட நிறுத்தாதீங்க, அது மினிட்ஸ்ல ஒரு வரிதான். தீர்மான வாசகத்தை மாத்தச் சொல்லுங்க: "கொள்கை அளவில் பரிசீலிக்கலாம், சாத்தியக்கூறு அறிக்கை, இடர் அட்டவணை, வரைவு ஒப்பந்தம், முறிவுத் தொகை மதிப்பீடு நான்கும் டெண்டருக்கு முன் மீண்டும் மன்றத்தின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்." இதுக்கு மத்த உறுப்பினர்களும் மறுப்புச் சொல்ல மாட்டாங்க. அறிக்கை வந்ததும் வருவாய்க் கணிப்புப் பக்கத்தை மட்டும் இங்க போடுங்க, எந்த வாடகையில கணக்குப் போட்டிருக்காங்கன்னு பார்த்துச் சொல்றேன்.